டெல்டாவில் வேலைக்காக அலைபவர் போன் படுத்தினால்: எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

அரிசி ஆலைகளில் கலர் சார்ட்டர் மெஷின் சர்வீஸ் பார்ப்பது என் வேலை. வீடு தஞ்சாவூரில். காலையில் பாபநாசம், மதியம் மன்னார்குடி, இருட்டும் நேரத்தில் திருத்துறைப்பூண்டி என்று ஓட வேண்டியிருக்கும். கருப்பு அரிசியைப் பிரிக்கிற அந்த மெஷின் நின்றால் மூட்டை போடுவது நின்றுவிடும், லோடு லாரி வாசலில் காத்துக்கிடக்கும். ஆலைக்காரர் உடனே என்னைத்தான் கூப்பிடுவார். மெஷினைத் திறந்து, கோயம்புத்தூரில் இருக்கும் எஞ்சினியருக்கு வீடியோவில் காட்டி, உதிரிப் பாகத்துக்குப் பணம் அனுப்பி, பில் போட்டு முடிக்கிறவரை எல்லாம் போனில்தான் நடக்கிறது.

சில வருடங்களுக்கு முன் அறுவடைச் சமயத்தில் நீடாமங்கலம் பக்கத்து ஆலை ஒன்றில் மூன்று மணி நேரம் உள்ளேயே இருந்தேன். வெளியே வந்ததும் மிஸ்டு கால் குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. திருப்பிக் கூப்பிட்டால், "தம்பி, ரெண்டு மணி நேரமா சுவிட்ச் ஆப்னே வருது. வேற ஆள வரச் சொல்லிட்டேன்" என்றார் வலங்கைமான் ஆலைக்காரர். மறுவாரமே தவணையில் புதுப் போன் வாங்கினேன். அதே ஆலை, அதே கொட்டகை, அதே கதை. கோளாறு போனில் இல்லவே இல்லை. நான் வைத்திருந்த நெட்வொர்க்கின் சிக்னல் அந்தத் தகரக் கொட்டகைக்குள் எட்டவில்லை, அவ்வளவுதான். ஒரு சிம்மில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு ஒரு வருடம் தவணை கட்டினேன். அதனால்தான் எந்தப் போன், எந்தக் கம்பெனி என்று தொடங்காமல், என்ன படுத்துகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இது

கோளாறு நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்: டவர், சிம், போன், போனுக்குள் இருக்கிற செட்டிங். இதைப் பிரித்தறியக் காசே வேண்டாம். படுத்துகிற அதே இடத்தில் நின்று, உங்கள் சிம்மை நண்பரின் போனில் போடுங்கள். அங்கேயும் படுத்தினால் டவரோ சிம்மோதான். நன்றாக வேலை செய்தால் உங்கள் போன் அல்லது அதன் செட்டிங். டவரா சிம்மா என்று தெரிய, அதே கம்பெனியின் வேறொரு சிம்மை உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் உங்கள் சிம் அட்டை தேய்ந்திருக்கிறது. கடையில் மாற்றிக்கொள்ளலாம், எண் அதேதான் இருக்கும்.

கவனிக்க வேண்டியது, இடம் மாறக் கூடாது. ஆலைக்குள் படுத்துகிற போனை டீக்கடையில் வைத்துச் சோதித்துப் பயனில்லை.

இன்னொன்று, திரையில் தெரிகிற கோடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு போன் கம்பெனியும் கோட்டைத் தன் இஷ்டப்படி வரைகிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் 80, 85 என்றால் அருமை. மைனஸ் 100 வரை வேலை ஓடும். மைனஸ் 115-ஐத் தாண்டினால் பேச்சு அறுபடும், பேட்டரியும் கரையும். நான் போகிற ஆலைகளுக்கெல்லாம் இந்த எண்ணைச் சின்ன நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். கொட்டகைக்குள் ஒன்று, ஆபீஸ் அறையில் ஒன்று, வாசலில் ஒன்று. எந்தக் கம்பெனி என்று முடிவுசெய்ய அந்த நோட்டைவிடப் பெரிய துணை எனக்கு எதுவும் இல்லை.

வெளியே நன்றாக இருக்கிறது, கொட்டகைக்குள் போனால் சிக்னல் செத்துவிடுகிறது

எங்கள் தொழிலில் இதுதான் முதல் புகார். நெல் கொள்முதல் நிலையம், குடோன், ஐஸ் பேக்டரி, ஓர்க் ஷாப் என்று தகரக் கூரைக்குக் கீழே வேலை பார்க்கிற எல்லாருக்கும் இருக்கும்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் போனையும் கம்பெனியையும் பாதி தேர்ந்தெடுத்த மாதிரி. தகரம் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கதவு, ஜன்னல், சுவர் வழியாகக் கசிந்து வருவதுதான் உள்ளே கிடைக்கிற சிக்னல். அலைவரிசை எண் குறையக் குறைய அது தூரமாகப் போகும், சுவரையும் சுலபமாகத் தாண்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் உள்ளே வரும். 2300 திணறும். 5ஜிக்குப் பரவலாகப் பயன்படுகிற 3300 வாசலோடு நின்றுவிடும். வேகம் மட்டும் இதற்கு நேர்மாறு: மேல் அலைவரிசையில்தான் வேகம் அதிகம். விளம்பரத்தில் சொல்வது வேகத்தை. நமக்கு வேண்டியது உள்ளே வருவது.

போனின் விவரத் தாளில் இவை பேண்ட் என்ற பெயரில் இருக்கும். பேண்ட் 5 என்றால் 850, பேண்ட் 8 என்றால் 900, பேண்ட் 28 என்றால் 700, பேண்ட் 40 என்றால் 2300. ஜியோ தன் 4ஜியை 850, 1800, 2300 மூன்றிலும் ஓட்டுகிறது. அதன் 5ஜிக்கு 700-உம் உண்டு. பிஎஸ்என்எல் 2025 செப்டம்பர் 27 அன்று உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் உருவான 4ஜியை நாடு முழுக்கத் தொடங்கியது. அதற்கு 700-உம் 2100-உம். பழைய போன்கள் பலவற்றில் பேண்ட் 28 கிடையாது. அப்படியொரு போனில் பிஎஸ்என்எல் சிம்மைப் போட்டுவிட்டு டவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்து தருகிற போன்களிலும் இந்த வித்தியாசம் வரும். நாகூர், அதிராம்பட்டினம் பக்கம் அப்படிப்பட்ட போன்கள் நிறைய. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மாடல் எண்ணைப் போட்டு பேண்டுகளைப் பார்த்துவிட்டு அதில் சிம்மைப் போடுங்கள்.

சரி, இன்றைக்கு நிற்கிற இடத்தில் என்ன செய்வது? நெட்வொர்க் மோடை 5ஜியிலிருந்து 4ஜிக்கு மாற்றுங்கள். 5ஜியின் நூல் போன்ற சிக்னலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிற போன், 4ஜிக்கு வந்ததும் உட்கார்ந்து பேசும். அது போதாவிட்டால் ஆலைக்காரரிடம் வைபை பாஸ்வேர்டு கேளுங்கள். ஆபீஸ் அறையில் பைபர் இணைப்பு இல்லாத ஆலைகள் குறைந்துவிட்டன. போனில் வைபை காலிங் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் சாதாரண அழைப்பே, உங்கள் எண்ணிலேயே, வைபை வழியாக வரும். தனிக் கட்டணம் இல்லை. ஏர்டெல் 2019 கடைசியிலும் ஜியோ 2020 தொடக்கத்திலும் இதைக் கொண்டுவந்தன. இத்தனை வருடம் கழித்தும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைப் போடாமல் வைத்திருப்பதை நான் போகிற இடமெல்லாம் பார்க்கிறேன். ரவுட்டரைக் கொட்டகை வாசல் பக்கமாக நகர்த்தி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யாரும் முகம் சுளித்ததில்லை.

போன் கையில்தான் இருக்கிறது, கூப்பிடுகிறவருக்கு சுவிட்ச் ஆப் என்று வருகிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

முதலாவது வோல்ட்இ. 4ஜி வழியாகவே பேச்சு போவதற்கான ஏற்பாடு இது. ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையாது. 2016-இல் தொடங்கியதிலிருந்தே எல்லாம் 4ஜிதான். வோல்ட்இ அணைந்திருந்தால் ஜியோ சிம்மில் இன்டர்நெட் வரும், அழைப்பு வராது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) இரண்டிலும் 2ஜி இன்னும் இருப்பதால் அதில் விழுந்து பேசும், ஆனால் நடுவில் நெட் நின்றுபோகும். போனை ரீசெட் செய்தாலோ சாப்ட்வேர் புதுப்பித்தாலோ இந்தப் பொத்தான் அணைந்துபோக வாய்ப்பிருக்கிறது. ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாகப் போட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது காரணம் இரட்டை சிம்மின் இயல்பு. பெரும்பாலான போன்களில் இரண்டு சிம்மும் காத்திருக்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசும். ஒன்றாம் சிம்மில் நீங்கள் அரை மணி நேரம் எஞ்சினியரோடு பேசினால், அந்த அரை மணியும் இரண்டாம் சிம்முக்கு வருகிறவருக்கு "தொடர்பு எல்லைக்கு அப்பால்". வீட்டு எண்ணும் வேலை எண்ணும் ஒரே போனில் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சிம் பேசும்போது மற்றதன் டேட்டா வழியாக அழைப்பை வாங்குகிற வசதி சில போன்களில் இருக்கிறது. வாங்கும் முன் கடையிலேயே இரண்டு சிம்மையும் போட்டு, ஒன்றில் பேசிக்கொண்டே மற்றதைக் கூப்பிடச் சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது, உண்மையாகவே சிக்னல் இல்லாத இடத்தில் நீங்கள் இருப்பது. அதற்குக் கால் பார்வர்டு நல்ல மருந்து: எல்லைக்கு அப்பால் இருந்தால் மட்டும் அழைப்பு உங்கள் இன்னொரு எண்ணுக்கோ ஆபீசுக்கோ போகும்படி வைப்பது. முன்பு நட்சத்திரக் குறியோடு எண்களைத் தட்டி இதைப் போடுவோம். அந்த வழியில் மோசடி பெருகியதால் 2024 ஏப்ரல் 15 முதல் அதை நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. போனின் கால் செட்டிங்ஸில் போட்டுப் பாருங்கள், ஏற்காவிட்டால் கஸ்டமர் கேரில் கேளுங்கள். கூரியர்காரன் என்றோ கம்பெனி ஆள் என்றோ சொல்லி யாராவது "*401* போட்டு இந்த நம்பரை அடிங்க" என்றால் கட்டாயம் செய்யாதீர்கள். உங்களுக்கு வர வேண்டிய அழைப்பும், அழைப்பு வழியாக வரும் ஓடிபியும் அவனிடம் போய்விடும்.

நான்கு கோடும் தெரிகிறது, நெட் மட்டும் ஓடவில்லை

முதலில் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா பாருங்கள். தினசரி 1.5 அல்லது 2 ஜிபி முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸுக்கு இறங்கும். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், வீடியோ போகாது. ஆலையிலிருந்து வீடியோவில் மெஷினைக் காட்டுகிற நாளில் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. என் அனுபவத்தில் பாதி புகார் இதுதான்.

டேட்டா இருந்தும் ஓடவில்லை என்றால் டவரில் நெரிசல். கோடு காட்டுவது டவர் எவ்வளவு பக்கம் என்பதை. எத்தனை பேர் அதைப் பங்கு போடுகிறார்கள் என்பதை அது சொல்லாது. கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, சதய விழா நாளில் தஞ்சாவூர் பெரிய கோயில் சுற்றுவட்டாரம், முகூர்த்த நாளில் எந்த மண்டபத் தெருவும். இங்கெல்லாம் இரண்டாம் சிம்முக்கு டேட்டாவை மாற்றிப் பாருங்கள். நெரிசல் பெரும்பாலும் ஒரு கம்பெனிக்குத்தான் முதலில் வரும். திறந்த வெளியில் நிற்கும்போது 5ஜி நன்றாகவே கை கொடுக்கும். கொட்டகைக்குள் 4ஜி, திருவிழாக் கூட்டத்தில் 5ஜி என்று வைத்துக்கொள்ளலாம்.

போகிற வழியில் பேச்சு அறுந்துபோகிறது

டெல்டா தட்டையான மண். மலை மறைப்பு இல்லை. அறுவடை முடிந்த வயலின் மேல் சிக்னல் நெடுந்தூரம் ஓடிவரும். ஆனாலும் இரண்டு இடங்களில் அறுபடும். ஒன்று தோப்பு: பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி வரை தென்னை அடர்ந்த பாதையில், நீர் நிறைந்த மட்டைகள் மேல் அலைவரிசையை உறிஞ்சிக்கொள்ளும். மழை பெய்து ஓய்ந்த பிறகு இன்னும் மோசம். மற்றது ஆளில்லாத கடலோரம்: வேதாரண்யம் உப்பளங்கள், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு ஓரம், கோடியக்கரை. வீடுகள் இல்லாத இடத்தில் டவருக்கும் இடைவெளி அதிகம்.

ஓடுகிற பஸ்ஸிலும் ரயிலிலும் ஒரு டவர் உங்களை அடுத்த டவரிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த டவரில் இடமில்லை என்றாலும், போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவினாலும் பேச்சு அறும். பயண நாளில் 4ஜியில் நிறுத்தி வைப்பதே நிம்மதி. முக்கியமான பேச்சாக இருந்தால் பைக்கை ஓரம் கட்டுங்கள், வேறு வழியில்லை.

கடலோரத்தில் இலங்கை நெட்வொர்க்கின் பெயர் திரையில் தெரிந்தால் தொடாதீர்கள். சர்வதேச ரோமிங் அணைந்திருக்கிறதா பார்த்துக்கொண்டு, நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்து உங்கள் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுங்கள். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம் ஆயிற்றே, அங்கே போனால் ரோமிங்கா என்று கேட்கிறார்கள். இல்லை, தொலைபேசிக் கணக்கில் அது தமிழ்நாடு வட்டம்தான்.

ஓடிபி வரவில்லை

பணம் கட்டுகிற நேரத்தில் இது வந்தால் உயிரே போகும். ரீசார்ஜ் தேதி முடிந்துவிட்டதா பாருங்கள். குறுஞ்செய்திப் பெட்டியில் ஸ்பேம் பகுதியைப் பாருங்கள். போனை ஒரு தடவை ஏரோபிளேன் மோடில் போட்டு எடுங்கள். பாதி நேரம் இதிலேயே வந்துவிடும்.

சிம்மைப் புதிதாக மாற்றியிருந்தால் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது. அது கோளாறு அல்ல, திருடன் உங்கள் எண்ணில் சிம் வாங்கி வங்கியைத் துடைக்காமல் இருக்கத் துறை வைத்த பூட்டு. ஆகவே சிம் மாற்றுவதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குக் கொடுத்திருக்கிற எண்ணை, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற இ-சிம்மாக மாற்றாமல் அட்டையாகவே வைத்திருங்கள் என்பது என் கருத்து. போன் தண்ணீரில் விழுந்தால் அட்டையை உருவி, பக்கத்திலிருப்பவர் போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடலாம். வாய்க்கால் கரையில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மதியத்துக்குள் பேட்டரி காலி

பேட்டரி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் ஒன்று செய்யுங்கள்: வீட்டிலேயே இருக்கிற விடுமுறை நாளில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். வீட்டில் நின்று, வேலை நாளில் மட்டும் கரைந்தால் குற்றவாளி சிக்னல்தான். டவர் தூரமாக இருக்க இருக்க, போன் தன் பக்கத்திலிருந்து அதிக வலுவோடு கத்த வேண்டியிருக்கிறது. மைனஸ் 115 இருக்கிற கொட்டகையில் மூன்று மணி நேரம் கிடந்த போன், யாரும் தொடாமலே சூடாகும். அங்கே வைபை காலிங் போட்டுவிட்டு ஏரோபிளேன் மோடில் வைத்து, வைபையை மட்டும் திறந்துவிடுங்கள். அழைப்பு வரும், பேட்டரியும் நிற்கும்.

சித்திரை வெயிலில் பைக் ஹேண்டில் பாரில் போனை மாட்டிக்கொண்டு போவது இரண்டு வகையில் கெடுதல். சூடு ஏறினால் போன் தானே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், திரையை மங்கலாக்கும். இரண்டாவது, அதிர்வு. பைக் என்ஜினின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தணிக்கும் பாகத்தைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. என் வேலைக்குக் கேமராதான் கண். அதனால் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, காதில் வழியை மட்டும் கேட்டுப் போகிறேன். மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் வழி காட்டும். ஜிபிஎஸ்ஸுக்கு சிம் தேவையில்லை. ஆனால் வாய்க்கால் கரைப் பாதையை அது கார் போகிற ரோடு என்று நினைத்துக்கொள்ளும். வெண்ணாற்றங்கரையில் ஒரு தடவை திருப்ப இடமில்லாமல் நின்றபோது கரையில் மாடு மேய்த்த பெரியவர்தான் வழி சொன்னார்.

நான் பேசுவது எதிராளிக்குக் கேட்கவில்லை

உமித்தூசி. வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிக் கேட்டுப் பாருங்கள். அதிலும் மங்கலாக இருந்தால் மைக் ஓட்டை அடைத்திருக்கிறது. உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். ஊசி விடாதீர்கள், உள்ளே இருக்கும் சவ்வு கிழியும். ரெக்கார்டரில் தெளிவாக இருந்தால் கோளாறு நெட்வொர்க்கில்.

சரி, புதுப் போனே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

சோதித்துப் பார்த்து, போன்தான் காரணம் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். எனக்கு முக்கியமானவற்றை வரிசையாகச் சொல்கிறேன். குறைந்த அலைவரிசை பேண்டுகள் மூன்றும் (5, 8, 28). இரண்டு சிம்முக்கும் தனித்தனி இடம். மெமரி கார்டும் இரண்டாம் சிம்மும் ஒரே குழிக்குச் சண்டை போடக் கூடாது. வைபை காலிங். 5000 எம்ஏஎச்சுக்குக் குறையாத பேட்டரி. நடுப்பகல் வெயிலில் படிக்க முடிகிற திரை. இதைக் கடைக்குள் பார்த்துப் பயனில்லை, கேட்டுக்கொண்டு வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள்.

அப்புறம் ஐபி எண். அதில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி54 என்றால் ஓரளவு தூசியும் சாரலும் தாங்கும். ஐபி67 என்றால் தூசி உள்ளே புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி தாங்கும். ஆலை வேலைக்கு முதல் இலக்கம் ஆறாக இருந்தால் நல்லது. கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்பதற்குக் கொடுக்கிற காசை இதற்குக் கொடுக்கலாம். சர்வீஸ் சென்டர் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருக்கிறதா, திருச்சிக்குப் போக வேண்டுமா என்பதையும் கேளுங்கள். அலைகிற தொழிலில் போன் ஒரு வாரம் கையில் இல்லாமல் இருக்க முடியாது.

பழைய போன் வாங்கினால் *#06# அடித்து வருகிற 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) எடுத்து, ஆங்கிலத்தில் கேஒய்எம் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, அந்த எண் என்று 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். உங்கள் போன் தொலைந்தால் போலீஸ் புகாரோடு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் முடக்குவதற்கும் இதே எண்தான் வேண்டும். எனவே இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

புயல் மழையில் எல்லாம் நின்றுபோகிறது

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. காற்றில் சாயாத டவரும் மின்சாரம் இல்லாமல் ஓய்ந்தது. டவரின் பேட்டரி சில மணி நேரம்தான், பிறகு டீசல் போய்ச் சேர வேண்டும். ரோட்டில் தென்னை கிடக்கும்போது டீசல் எப்படிப் போகும்?

இதிலிருந்து கம்பெனித் தேர்வுக்கு ஒரு பாடம் எடுத்துக்கொண்டேன். இரண்டு சிம் வைத்தால் இரண்டு கம்பெனியாக இருந்தால் போதாது, இரண்டு டவராக இருக்க வேண்டும். ஏர்டெலும் வியும் பல ஊர்களில் இண்டஸ் டவர்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கம்பத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கம்பத்துக்குக் கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பிஎஸ்என்எல்லுக்குச் சொந்த டவர்கள் உண்டு. அதனால் தனியார் ஒன்று, பிஎஸ்என்எல் ஒன்று, அல்லது ஜியோ ஒன்று, ஏர்டெல் ஒன்று என்று உங்கள் ஊரில் எது வேறு கம்பத்தில் இருக்கிறதோ அப்படிச் சேருங்கள். ஊர் டவரின் அடியில் போய் நின்று காவலாளியைக் கேட்டாலே எந்தெந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவார்.

பேரிடர் சமயத்தில் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனியின் டவரைப் பயன்படுத்த அரசு அனுமதிப்பது உண்டு. 2023-இல் குஜராத்தில் பிபர்ஜாய் புயலின்போது அப்படிச் செய்தார்கள். அறிவிப்பு வந்தால் நெட்வொர்க் தேர்வைக் கையால் மாற்றி, கிடைக்கிற எதையும் பிடியுங்கள். அவசர எண் 112-க்கு இந்த அறிவிப்பும் வேண்டாம், எந்த நெட்வொர்க் கிடைத்தாலும் போகும்.

கம்பெனியையே மாற்ற முடிவுசெய்தால்

முதலில் கம்பெனிகளின் இணையதளத்தில் இருக்கிற கவரேஜ் வரைபடத்தைப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி 2ஜி, 4ஜி, 5ஜி எங்கே உண்டு என்று அவர்கள் வரைபடம் போட்டாக வேண்டும். ஆனால் அது வெட்டவெளிக் கணக்கு. அதனால் புதுக் கம்பெனியின் பிரீபெய்டு சிம் ஒன்றை 28 நாளைக்கு வாங்கி, இரண்டாம் இடத்தில் போட்டு, நீங்கள் அதிகம் நிற்கிற பத்து இடங்களில் காலை ஒருமுறை, இரவு ஏழு மணிக்கு ஒருமுறை பேசிப் பாருங்கள், ஒரு வீடியோ அனுப்பிப் பாருங்கள். டிராயின் மைஸ்பீட் செயலியில் வேகத்தையும் குறியுங்கள். பத்தில் எட்டு தேறினால் மாறுங்கள்.

அறுவடைக் காலத்தில் மாற வேண்டாம். குறுவை அறுவடைக்கும் சம்பா அறுவடைக்கும் நடுவே, ஆலை கொஞ்சம் ஓய்வாக இருக்கிற வாரம் நல்லது. இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், பாக்கி இருக்கக் கூடாது. சிம்மைச் சமீபத்தில் மாற்றியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும்; 2024 ஜூலை முதல் அந்த விதி. ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டி, இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். அதற்குள் ஆதாரோடு கடைக்குப் போங்கள். ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். பழைய சிம்மில் மிச்சமிருக்கும் டேட்டாவும் நாட்களும் போய்விடும், ஆகையால் ரீசார்ஜ் முடிகிற வாரமாகப் பாருங்கள்.

மாறுகிற இரவில் சில மணி நேரம் அந்த எண்ணின் பழைய சிம், புதிய சிம் இரண்டும் ஊமையாக இருக்கும். பழையதில் சிக்னல் போனதும் புதியதைப் போட்டு, முதல் வேலையாக வோல்ட்இயும் வைபை காலிங்கும் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மறுநாள் காலை உங்கள் ஆலைக்காரர் ஒருவரிடம் சொல்லி, நீங்கள் கொட்டகைக்குள் நிற்கும்போது ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள்.